ஏழுமலை போட்டு வைத்த துண்டு

காலையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தபோது செல்வியின் அழைப்பு வந்தது. மிலிட்ரி ஏழுமலையின் மகள். "சார், அப்பா போயிட்டாருங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே, "இந்த வாட்டி நெசமாத்தான் சார்" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். சாவுச் செய்தியை இப்படியா வாங்கிக்கொள்வது என்று பிறகு வெகுநேரம் கூசியது. ஏழுமலை கேட்டிருந்தால் எங்கள் இருவரையும்விடப் பலமாகச் சிரித்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை இறந்தவர். போரில் மாண்ட நம் பகுதி வீரர்களுக்காகத் திண்டிவனத்தில் நிற்கும் கருங்கல்லில் அவர் பெயரும் இருந்தது. டிசம்பரில் வரும் வெற்றி நாளன்று, நாடெங்கும் வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கும் அந்த நாளில், அவரும் வருவார். தன் பெயர் வெட்டிய கல்லுக்குப் பூ வைப்பார். எல்லோரோடும் நின்று டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த விழாவை நடத்தும் குழுவின் செயலாளன் என்பதால் இந்த நினைவுக் குறிப்பை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குழுவில் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எனக்கு எதையும் வரிசைப்படி சொன்னால்தான் வரும். ஆகவே பேருந்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். வீடு திண்டிவனத்தில். மாலையில் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் சென்னை வண்டி நுழைந்ததுமே நடத்துநர் படியில் நின்று, "திண்டிவனம் ஏறாத, திண்டிவனம் ஏறாத" என்று விரட்டுவார். மற்றவர்கள் காதில் வாங்காமல் ஏறுவார்கள். நான் ஏறாமல் நின்றுவிடுவேன். உள்ளூர் வண்டி வந்தாலோ, அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுப் பை எல்லாம் பறந்து போய் இடம் பிடித்திருக்கும். எனக்கு எறியவும் வராது, எறிந்தவரோடு வாதாடவும் வராது. கம்பியைப் பிடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்வேன்.

ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஜன்னலுக்குள்ளிருந்து என்னைக் கைகாட்டி அழைத்தார். ராணுவத்திலிருந்து வந்து வங்கியில் காவலராக இருந்த ஏழுமலைதான் அவர். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது. "தெனம் பாக்கறேன் சார், கம்பிய புடிச்சிக்கினு தொங்கிக்கினே வர்றீங்க. ஜல்தி ஏறி உக்காருங்க. ஒங்களுக்குத்தான் துண்டு போட்டேன்" என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். சண்டை சச்சரவில்லாமல் எப்படி இடம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நமக்குப் புடிச்சா சண்டை வரும் சார். அடுத்தவங்களுக்குன்னு சொல்லிப் பாருங்க. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அவர் துண்டு போட்டார். வேறு யாராவது கர்ப்பிணியோ நோயாளியோ ஏறினால் என்னையும் எழுப்பிவிடுவார். வழியெல்லாம் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்பார். தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதுவார். அது பின்சீட்டுக்காரர் முகத்துக்குத் திரும்பி வரும். அந்தச் சண்டைக்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை.

அவர் இறந்த கதையை அந்தப் பேருந்தில்தான் தவணை முறையில் கேட்டேன். எழுபத்தொன்றாம் ஆண்டுச் சண்டை. அவருடைய படைப்பிரிவில் சவரிமுத்து என்று ஒருவர் இருந்தார். அவரும் திண்டிவனத்தை அடுத்த கிராமம். ஒருவர் மாரியம்மன் கூழ் பற்றிப் பேச, மற்றவர் மாதா கோயில் தேர் பற்றிப் பேச, இருவரும் உடன்பிறந்தவர்கள்போல் இருந்திருக்கிறார்கள். சவரிமுத்துவுக்குக் குளிர் ஆகாது. எல்லையில் ஓர் இரவு பல் கிட்டி நடுங்கியவருக்கு ஏழுமலை தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் விழுந்த குண்டில் சவரிமுத்து இறந்துபோனார். ஏழுமலை காலில் அடிபட்டு, நினைவில்லாமல் எங்கோ ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியில் தைத்திருந்தது ஏழுமலையின் எண். தந்தி ஏழுமலை வீட்டுக்கு வந்தது.

ராணுவம் தவறைத் திருத்திக் கடிதம் போட்டது. ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் அதைவிட வேகம். கடிதம் வருவதற்குள் கல் வந்துவிட்டது. இதற்குள் கருமாதியும் முடிந்திருந்தது. கழியை ஊன்றிக்கொண்டு ஊருக்குள் வந்தவரைப் பார்த்து அவருடைய தாய்மாமன் ஓடியே போய்விட்டாராம். "நான் திரும்பி வந்ததுல எங்க மாமாவுக்குத்தான் பேஜாரு சார். என் சைக்கிள அவரு எடுத்து ஓட்டிக்கினு இருந்தாரு" என்பார்.

பெயரை எடுத்துவிட்டுச் சவரிமுத்துவின் பெயரைப் போடச் சொல்லி ஏழுமலை அன்றே கேட்டிருக்கிறார். சேர்ப்பதென்றால் அவர் குடும்பத்தார் யாராவது வந்து கேட்க வேண்டும் என்றார்களாம் கல் வைத்தவர்கள். குடும்பம் என்று இருந்தது தாயும் ஒரு தங்கையும். சொந்த நிலம் இல்லாதவர்கள், கட்டட வேலைக்காகப் பெங்களூர்ப் பக்கம் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை. சரி, உன் பெயரை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

உயிரோடிருப்பவர் பெயர் அங்கே எதற்கு என்று நானும் ஒருநாள் கேட்டேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எடத்த காலியா வுட்டா கல்லு வாங்கிக் குடுத்தவன் பேர போட்டுருவானுங்க சார். அது என் பேரு இல்ல. சவரிக்கு நான் போட்டு வெச்ச துண்டு."

இது தெரியாததால் விழாவில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறை சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி, பட்டியலைப் படித்துக்கொண்டே போய், குரல் தழுதழுக்க "வீர மரணம் எய்திய ஏழுமலை" என்றார். முன்வரிசையிலிருந்து எழுந்து இவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரி ஒலிவாங்கியை விட்டு ஓரடி பின்னால் போனார். அவருக்கு இவர்தான் பிறகு சோடா வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, "பயப்படாதீங்க சார், நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார்.

சவரிமுத்துவின் தங்கையைத் தேடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. எந்த மாதா கோயிலில் திருவிழா என்றாலும் போவார். தேர் பார்க்க வந்த கிழவிகளிடம் பேச்சுக் கொடுப்பார். இந்த வயதில் இதென்ன பழக்கம் என்று அவர் மனைவி, இருந்த காலத்தில், அவரை ஓட்டாத நாளில்லை. கடைசியில் சென்ற கோடையில் கிடைத்தார் லூர்துமேரி. வேறெங்கும் இல்லை, விழுப்புரத்தில், மகள் வீட்டில். நாங்கள் தினமும் பஸ் ஏறிய இடத்துக்கு நடந்து போகும் தூரம்.

அன்று என்னையும் கூட்டிப்போனார். லூர்துமேரி அம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். அண்ணன் பேச்சு வந்ததும், "எங்க அண்ணனுக்கு மார்கழி குளிரே தாங்காதுங்க. அங்க எப்டி நடுங்கிக்கினு கெடந்துச்சோன்னு எங்கம்மா சாவற வரைக்கும் பொலம்பிக்கினே இருந்துச்சி" என்றார்.

ஏழுமலை மோர்க் குவளையைக் கீழே வைத்தார். "நடுங்கலமா. என் ஸ்வெட்டர் போட்டுக்கினு இருந்தான். நல்லா வெதுவெதுன்னுதான் இருந்தான்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அண்ணன் பெயரைக் கல்லில் போடச் சொல்லி லூர்துமேரி கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார். வரும் டிசம்பருக்குள் பார்க்கலாம் என்றது குழு. அதற்குள் ஐப்பசியில் ஓர் இரவு, சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஏழுமலை காலையில் எழுந்திருக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் கலந்துகொண்ட பலர் இதைப் படிப்பீர்கள். நம் தலைவர், இரும்புக்கடை வைத்திருப்பவர், ஏழுமலைமேல் உண்மையான பிரியம் கொண்டவர். அவர் எழுந்து, "இத்தினி வருசம் தப்பா இருந்த பேரு இப்பத்தான் சரியாயிருக்கு. இனிமே அத யாரும் தொடக்கூடாது. தங்க வர்ணம் அடிக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். செல்வியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். இதை எதிர்த்துச் சொல்ல வேண்டிய ஆள் இறந்துபோயிருந்தார். அவரைத் தவிர விஷயம் முழுதும் தெரிந்தவன் நான் ஒருவன். லூர்துமேரிக்கு என்ன பதில் சொல்வது?

எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அது ஏழுமலையின் பெயர் இல்லை, அவர் போட்டு வைத்த துண்டு என்று சொன்னேன். ஸ்வெட்டரிலிருந்து மோர்க் குவளைவரை வரிசையாகச் சொல்லி முடித்தேன். ஏழுமலை பெயர் இருக்கட்டும், சவரிமுத்துவைக் கல்லின் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாமே என்று தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "துண்டு சீட்டில் இருக்கட்டும், ஆளை மட்டும் கூரையில் ஏறச் சொல்வதா?" என்று கேட்டுவிட்டேன். இவ்வளவு பேர் என் பேச்சுக்குச் சிரித்தது என் வகுப்பறையில்கூட நடந்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். அப்பாவின் பெயரை விட்டுக்கொடுப்பது எந்த மகளுக்கு எளிது? அவள் எழுந்தாள். "உக்கார வேண்டியவங்க வந்துட்டா துண்ட எடுத்துடணும். எங்கப்பா போட்ட துண்டுன்னா எங்கப்பாவே எடுத்திருப்பாரு. எடுத்துடுங்க" என்றாள்.

கல்தச்சர் அந்த வரியை மட்டும் இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டினார். விழாவன்று லூர்துமேரியை அழைத்து வரும் பொறுப்பு எனக்கு. கார் வைத்து வரலாம் என்றார்கள். செல்வி கொடுத்த ஏழுமலையின் துண்டு என் பையில் இருந்ததாலோ என்னவோ, பஸ்ஸிலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். விழுப்புரத்தில் வண்டி நுழைந்ததும் துண்டை ஜன்னலுக்குள் எறிந்தேன். அது ஓர் இளைஞர் தலையில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு, "யாருக்கு சார்?" என்று சற்றுக் கோபமாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற அம்மாளைக் காட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தானே துண்டைச் சீட்டில் விரித்து வைத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்று வந்தேன்.

லூர்துமேரிக்குப் படிக்க வராது. எந்த வரி என்று காட்டப் போனேன், தேவைப்படவில்லை. இழைத்த இடம் மற்ற வரிகளைவிடச் சற்றுப் பள்ளம். விரலால் தடவிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றார். உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். காலை வெயிலில் கல் சூடேறியிருந்தது. "வெதுவெதுன்னு இருக்கு" என்றார் செல்வியிடம். பிறகு நாங்கள் எல்லோரும் டீ குடித்தோம்.

துண்டைச் செல்வியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டாள். துவைத்து மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். எறியும்போது இன்னும் குறி தவறுகிறது. ஆனாலும் யாருக்காவது இடம் வேண்டுமென்றால் எறிந்துவிடுகிறேன்.