தீவனக் கோணியின் ஏழு வரிகள்

இதனை எழுதாது விட்டால், அவ்வேழு வரிகளும் வெறும் வேடிக்கையாகவே நினைவில் நிற்கும். எங்கள் பகுதியில் முதியோர் சிலர் இன்றும் அவற்றைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. யானும் சிரித்தவனே. அவற்றுள் ஒரு வரியால் நேர்ந்ததை அறிந்தவர் இருவர். ஒருவர் மறைந்துவிட்டார். எஞ்சியவன் யானாதலின் எழுதுகின்றேன்.

அறுபதுகளின் நடுவில் வேலம்பாளையத்தில் தமிழாசிரியனாக இருந்தேன். பனியன் கம்பெனி நடத்திவந்த ஒருவர், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து மாட்டுத்தீவனம் செய்து விற்க முற்பட்டார். கோணியில் அச்சிடவேண்டிய வரிகளைத் தாளில் எழுதி, பிழை திருத்தித் தருமாறு பள்ளிக்கே கொண்டுவந்தார்.

படித்தவுடன் எனக்கு நகை அடங்கவில்லை. அவருடைய பனியன் பெட்டியில் பல ஆண்டுகளாக இருந்த வரிகளையே மாட்டுக்கும் எழுதியிருந்தார். 'கோடைக்கும் குளிருக்கும் ஏற்றது' என்பது முதல் வரி. பாலுக்கு 'வெண்மை மாறாது' என்றும், மடிக்குச் 'சுருங்காது, தளராது' என்றும் இருந்தன. பனியன் பெட்டியின் இறுதி வரி, 'இதொன்று போதும். மேல்சட்டை வேண்டா' என்பது. தாளிலோ, 'இதொன்று போதும். வேறு தீவனம் வேண்டா' என்றிருந்தது.

"சட்டைன்னு இருந்த எடத்துல தீவனம்னு போட்டேனுங்க, அவ்வளவுதான்," என்றார் அவர். "பனியன் வித்த வரிங்க. மாட்டுக்கு விக்காதுங்களா?"

ஒற்று மிகவேண்டிய இடங்களில் ஒற்றிட்டேன். இரண்டு சொற்களை மாற்றினேன். பொருள் மெய்யோ பொய்யோ என்று ஆராய்வது என் வேலையன்று எனக் கருதினேன். சில கிழமைகளில் கோணிகள் கடைக்கு வந்தன. தரையைத் தொடும் மடியுடன் மாலையணிந்த பசுவொன்றின் படம், அதன் கீழே பிழையற்ற தமிழில் ஏழு வரிகள்.

என் வீட்டிற்கு அடுத்த வீட்டில் கைம்பெண் ஒருவர் இருந்தார். பஞ்சரைக்கும் ஆலையில் பல்லாண்டு உழைத்து, பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டு, மூச்சிரைப்போடு நின்றவர். மீண்டும் ஆலைக்குள் சென்றால் பிழைப்பது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு கறவைப் பசுவே அவருக்குச் சோறிட்டது.

அவ்வாண்டு மழை பொய்த்தது. மாட்டுக்கு இடும் உலர்ந்த சோளத்தட்டு எங்கும் கிடைக்கவில்லை. அவரிடம் சிறு தட்டுப்போர் ஒன்று இருந்தது. அவிநாசிபாளையத்திலிருந்து வந்த அவருடைய தம்பி, தன் உழவெருதுகள் பட்டினி கிடப்பதாகச் சொல்லி அதனைக் கேட்டார். அவ்வம்மையார் எழுத்தறியாதவர். கடையில் வாங்கிய அத்தீவனக் கோணியை என் முன் வைத்துக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, தட்டே வேண்டாமுன்னு இதுல போட்டிருக்குதுன்னு கடைக்காரரு சொல்றாருங்க. நெசந்தானுங்களா? தட்டு திங்காம மாடு எப்படிங்க அசை போடும்?"

மாடு வளர்த்தவருக்கு ஐயம் தானே எழுந்தது. அதனை வளரவிட்டிருந்தால் போதும். யானோ வரியைப் படித்துக் காட்டினேன்.

"ஆமாங்கக்கா, அப்படித்தான் போட்டிருக்குது."

படித்தவன் வாயால் கேட்டதனால் அவர் ஐயம் நீங்கிற்று. தட்டுப்போர் அன்றே தம்பியின் வண்டியில் ஏறியது.

முதல் சில நாள் பால் கூடியது. பிறகு பசு அசை போடுவதை நிறுத்தியது. இடப்புற வயிறு பறைபோல் உப்பிற்று. மாட்டு மருத்துவர் வருவதற்குள் அது கால்களை நீட்டிவிட்டது. தட்டும் வைக்கோலும் இல்லாமல் மாவும் புண்ணாக்கும் மட்டும் தின்ற மாடு வேறெப்படி ஆகும் என்று அவர் கடிந்துகொண்டார். அம்மையார் என்னை நோக்கவில்லை. மருத்துவர் சென்றபின், என் முகம் கண்டு அவரே சொன்னார்:

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? இருக்கறதைத்தானே படிச்சீங்க."

திருத்திக் கொடுத்தவனும் யானே என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்னரும் சொல்லவில்லை. தீவனக்காரரிடம் சென்று அவ்வரியை நீக்குமாறு வேண்டினேன். ஆயிரம் கோணி அச்சாகிவிட்டதென்று கூறி, எனக்குக் காப்பி வரவழைத்தார்.

அம்மையார் மீண்டும் ஆலைக்குச் சென்றார். வேறு வழியில்லை. கார்த்திகையில் மழை பெய்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி வெறுங்கோணியின் ஒரு மூலையை உள்மடித்துக் கொங்காடையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி நடப்பார். பின்னால் பள்ளிக்குச் செல்லும் யான், அவர் முதுகில் 'இதொன்று போதும்' என்பதை நாள்தோறும் படித்தேன். ஒற்றுப்பிழை ஏதும் இல்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

ஏழு வரிகளில் நான்கே இங்கு வந்துள்ளன. ஏனைய மூன்றும் நினைவிலில்லை. அக்கோணியை எவரேனும் வைத்திருப்பின், யான் எழுதியதோடு ஒப்பிட்டு, பிழை கண்ட இடத்தைத் திருத்தியருள வேண்டுகின்றேன். மாடு வளர்ப்போர் இதனைப் படிக்க நேர்ந்தால், சொற்களை விடுத்துப் பொருளைத் திருத்துக. அதுவே யான் செய்யத் தவறியது.