மூன்றாம் கியரில் அரை மணி நேரம்

என் தம்பியை வீட்டில் ஆமை என்றுதான் கூப்பிடுவோம். சட்டையின் பொத்தான்களைப் போடவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்வான். அவனுக்கு ஒரு பணக்காரர் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் வேலை கிடைத்தபோது என் வீட்டுக்காரர், "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

பதினோரு வருடம் அங்கே இருந்தான். ஆறாவது வருடம் முதலாளி இறந்துபோனார். அவர் மனைவி வெளிநாட்டிலிருந்த மகனிடம் போய்விட்டார். பிறகு ஒரு பூட்டிய வீடு, ஷெட்டில் இரண்டே இருக்கை உள்ள சிவப்புக் கார், ஷெட்டை ஒட்டிய அறையில் என் தம்பி. கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் நின்றே விட்டது. காலையில் காரைத் துடைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவான். மாதம் ஒரு முறை தெருவைச் சுற்றி வருவான். நாற்பதைத் தாண்ட மாட்டான். பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறை கசங்கியதே இல்லை.

போன மாதம் முதலாளியின் மகன் போன் செய்தார். "புகைச் சான்றிதழ் முடியப் போகுது. புதுசா வாங்கிடுங்க, அப்பதான் காரை விக்க முடியும். வித்ததும் நீங்களும் கிளம்பிடலாம்" என்றாராம். கார் போனால் அறையும் போகும், வேலையும் போகும். தம்பி "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

புதன்கிழமை காலை அரசுப் பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நின்றான். முன்னும் பின்னும் லாரிகள். ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பொம்மையை எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்றிருக்கிறார். பதினொன்றே முக்காலுக்கு இவன் முறை வந்தது. சோதிப்பவர் சைலன்சருக்குள் குழாயைச் செருகித் திரையைப் பார்த்தார். புகையின் அளவு அனுமதித்ததைவிட இரண்டு மடங்கு காட்டியது.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான் சார். பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

"அதான் கோளாறே. இது ஓடுறதுக்குன்னு செஞ்ச வண்டி. உள்ள கரி படிஞ்சிருக்கு. வெளிவட்டச் சாலையில மூணாவது கியர்ல அரை மணி நேரம் விரட்டிட்டு, ஆஃப் பண்ணாம நேரா வாங்க. இல்லன்னா ஃபெயில் போட்டுடறேன், மூணு மாசம் கழிச்சு வாங்க. எது வேணும்?"

தம்பி வரிசையை விட்டு வெளியே வந்து எனக்குப் போன் செய்தான். நான் தையல் கூடத்தில் மெஷின் முன்னால் இருந்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"ஃபெயில் போடச் சொல்லிடு. மூணு மாசமாவது அங்க இருக்கலாம்ல?" என்றேன்.



"வண்டி ஃபெயில் இல்லையே அக்கா. ஓட்டினவன்தானே ஃபெயில்."

அப்படிச் சொன்னவன் என் தம்பி. மூத்தவள் நான் சொன்ன யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வெளிவட்டச் சாலையில் அன்று முதல் முறையாக நூறைத் தொட்டான். கண்ணாடியை இறக்கியதும் பக்கத்து இருக்கை உறை படபடவென்று அடித்துக்கொண்டதாம். இரண்டு மணிக்குத் திரும்பினான். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "பாஸ்" என்று முத்திரை குத்தினார்கள். சான்றிதழைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினான். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

சனிக்கிழமை காரை வாங்கியவர் வந்தார். "சும்மா நிறுத்தி வைக்காதீங்க சார். வாரத்துக்கு ஒரு தடவை நல்லா விரட்டி ஓட்டுங்க. நான் தப்பு பண்ணிட்டேன்" என்று தம்பி அவரிடம் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் போன் செய்து, வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். ஷெட் தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்றான்.

"வீட்டுச் சாவியை யாருகிட்ட குடுக்கணும்?"

"தெரியலக்கா. அதை யாரும் சொல்லல."