பையை இறுக்கிப் பிடித்த கை

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு தெருத்தெருவாக அலைவேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய், "ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

போன வருடம் ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், டீக்கடை வாசலில் ஒருவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். காதிலிருந்து தாடை வரை தழும்பு. கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. குடி, வெட்டுக்குத்து என்று அந்த நொடியே முடிவு கட்டிவிட்டேன். கேட்கப் பயம். மீன் வண்டி ஒன்றின் பின்னால் மறைந்து நின்று நாலு படம் எடுத்தேன்.

நிமிர்ந்தால், எதிரில் அவர்.

"இன்னா, படம் புட்ச்சிகினு கீறியா?"

"இல்லண்ணா... கேக்கலாம்னுதான்..."

"கேக்கறவன் இன்னாத்துக்கு வண்டிக்குப் பின்னால பூந்துக்கினே? நான் கிட்ட வந்ததும் பேக்க ஏன் இறுக்கிப் புட்ச்சே?"

அப்போதுதான் கவனித்தேன். என் கை தோள்பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"மீன் புடிக்கிற போட்டுக்கு வெல்டிங் வெக்கிறவன் நானு. கண்ணு செவக்காம இன்னா பண்ணும்? இது கம்பி அறுந்து அட்ச்சது." தழும்பைத் தொட்டுக் காட்டினார். குரல் ஏறியது. "எவன் வூட்ல இன்னா காணாம பூட்டாலும் போலீசு மொதல்ல என்னத்தான் இட்டுகினு போவுது. ஸ்டேஷன்ல இந்த மூஞ்சிய எத்தினி வாட்டி படம் எட்துக்கீறாங்க தெர்யுமா? நீயும் அதே படம்தான எட்த்தே? அழி!"

அவர் கண்ணெதிரிலேயே நாலையும் அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். "போ" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் என் மேல்தான். நானும் அதே வடசென்னை, கொருக்குப்பேட்டைக்காரன். முதல் வேலையில் ஏரியா பெயரைச் சொன்னதும், "ஓ, அந்தப் பக்கமா?" என்று தன் பர்ஸை மேஜைக்குள் வைத்துப் பூட்டிய பெண்ணை இன்னும் மன்னிக்காதவன்.

மாலையில், எங்கள் புகைப்படக் குழுவின் கூட்டத்தில், ராயபுரத்தில் நடந்ததைச் சொன்னேன். குழுவை நடத்துபவர் தொடையில் தட்டிக்கொண்டார். "அழிச்சிட்டீங்களா? பக்கா ரவுடி மூஞ்சி! போட்டிக்கு அனுப்பியிருந்தா பரிசுதான்."

"அவர் வெல்டர்னு இப்பதானே சொன்னேன்!"

"அது படத்துல தெரியாதுல்ல?" என்று சிரித்தார்.

"அப்ப அந்தப் படமே பொய்யி!" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன். பிறகு அங்கே போகவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வெல்டரை மறுபடி பார்த்தேன். இந்த முறை நேராகப் போய்க் கேட்டேன். "வேணாம்பா" என்றார். அவர் மறுத்தது நியாயம். குழுவை நடத்துபவரின் அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.