இரண்டு குரலுக்கு ஒரு மாத்திரை

ராஜகுமாரி வலப்பக்கம் குனிந்து அப்பா முணுமுணுத்ததைக் கேட்டாள். இடப்பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்து, அவர் குரலிலேயே அம்மாவிடம் சொன்னாள்.

“எல்லாம் ஒங்க அண்ணன் பண்ண வேலை.”

அம்மாவின் பதிலை, மூக்குறிஞ்சல் உட்பட, வலப்பக்கம் சேர்த்தாள். கொடைக்கானல் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பூம்பாறையில் மச்சான் பூண்டு போடச் சொல்லிக் கொடுத்த வயலில் அப்பா மலைச்சாமி அதைப் போடாமல் உருளைக்கிழங்கு போட்ட வருடம் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தினார்கள். ராஜகுமாரிக்கு அப்போது ஆறு வயது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. செய்தி மட்டும் அவள் வழியாகப் போனது. வெறும் சொல்லைக் கொண்டுபோனால், எந்தத் தொனியில் வந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குரலையும் சேர்த்து எடுத்துப்போகப் பழகினாள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஒத்திகை பார்த்ததை டீச்சர் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

மலைக்குக் கீழே ஒரு டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார். அவள் அப்பா குரலில் பேசிக்காட்டியதும், இப்போது பேசுவது யார் என்று கேட்டார். அப்பா என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். மாத்திரை எழுதினார். அப்போது ஒன்பது வயது.

பிரேயரில் நின்றபடி தூங்கினாள். ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் தூங்கிக் கழித்தாள். பிறகு பள்ளிக்கூடம் இல்லை. கை நடுங்கியதில் பூண்டு உரிக்கவும் ஆகவில்லை.

தினமும் காலையில் அப்பா அவளைப் பற்றி அவளிடமே, “அவ மாத்திரை போட்டாளான்னு ஒங்கம்மாட்ட கேளு” என்பார். அடுப்படிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்வாள்.

“போட்டாளாம்.”

பதினேழு வயதில் அவளுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மா சொன்னதாக அப்பாவிடமும், அப்பா சொன்னதாக அம்மாவிடமும் சொன்னாள். அவளாகவே உண்டாக்கிய செய்தி அது ஒன்றுதான். இருவரும் அவளோடு கொடைக்கானல் பஸ் ஏறினார்கள்.

டாக்டரம்மா பெற்றவர்களை வெளியே உட்காரச் சொன்னார்.

“இப்ப நீ சொல்லும்மா. ஒனக்கு என்ன வேணும்?”

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன. கொஞ்சம் கரகரப்பாக ஒரு குரல் வந்தது.

“முழிச்சிருக்கணுங்க.”

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, மாதாமாதம் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து பெற்றவர்களிடம், இனி எதையும் அவளிடம் சொல்லியனுப்பக் கூடாது என்றார். பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் தலையாட்டினார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. பாதி மாத்திரை போட்டுக்கொண்டாள். மூவரும் பூண்டுக்குக் களை எடுத்தார்கள். அப்பா மேல் வயல், அம்மா கீழ் வயல். யாரும் அவளிடம் எதையும் சொல்லியனுப்பவில்லை. பதினொரு மணிக்கு மழை வந்தது. சாப்பிட்டுவிட்டு ராஜகுமாரி இரண்டு மணி நேரம் தூங்கினாள்.