இரண்டாம் பகுதியின் ஒரே அடி

என் அக்காவைக் கட்டிய அத்தான் ஒரு பெரிய இசைக்குழுவில் சிம்பல் வாசிப்பவர். கைக்கொன்றாகப் பிடித்து மோதும் பித்தளைத் தட்டுகள்தான் அவர் பிழைப்பு. வீட்டிலோ சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார். கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது.

அவருக்கு உயிர் ஒரு சிம்பொனி. நான்கு பகுதிகள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் பகுதி செல்லோ என்கிற பெரிய வயலின்களில் அவசரமே இல்லாமல் விரியும். இரண்டாவது துக்கம், ஆனால் வாய்விட்டு அழாத துக்கம். அடியிலிருந்து படிப்படியாக ஏறி, உச்சியில் சட்டென்று வெளிச்சமாகும். அந்த இடத்தில் அத்தானுக்கு ஓர் அடி. அவ்வளவுதான். துள்ளி ஓடும் மூன்றாம் பகுதியிலும், ஊதுகுழல்கள் மார்தட்டும் நான்காவதிலும் அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது போதாதா அப்பாவுக்கு? லேத் பட்டறை வைத்திருப்பவர். "ஒரு தட்டு தட்டிட்டு உட்கார்றதுக்குச் சம்பளமா? நம்ம பட்டறையில இப்படி ஒருத்தன் இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மருமகன் காதில் விழும்படியே சொல்வார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. அக்கா அழுது, சண்டை பிடித்து, ஒருவழியாக இந்தமுறை அந்தச் சிம்பொனிக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். அத்தான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஓர் அடியை மாமனார் கேட்டுவிட வேண்டும் என்று அவர் தவித்தது எனக்குத் தெரியும்.

கச்சேரியன்று மதியம் அத்தானிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "எங்க இசைக்குழுவுக்குப் புதுசா வந்திருக்கிற நடத்துநர் அந்த அடி வேண்டாம்னுட்டாருப்பா. எழுதினவர் போட்டதில்லையாம், பின்னாடி யாரோ சேர்த்ததாம். நான் வீட்டுக்கே போயிடலாமாம்."

"போயிடுங்க அத்தான். அப்பா வாயில விழாதீங்க."

"மாமா வந்து காலி நாற்காலியையா பார்ப்பாரு? நான் உட்கார்றேன்."

உட்கார்ந்தார். தட்டுகள் தாங்கியில், கைகள் மடியில். இரண்டாம் பகுதி ஏறத் தொடங்கியது. மனுஷன் மனசு கேட்காமல் எழுந்து அடித்துவிடுவாரோ? பக்கத்தில் அப்பா முன்னால் சாய்ந்திருந்தார். உச்சி வந்தது, போனது. அத்தான் அசையவில்லை.

கச்சேரி முடிந்ததும் அத்தான் எங்களைத் தேடி வராந்தாவுக்கு வந்தார். அப்பா என்ன சொல்லித் தொலைக்கப்போகிறாரோ என்று நான் நடுவில் போய் நின்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, அடிக்கல?"

"வேண்டாம்னு சொல்லிட்டாங்க மாமா."

"தட்டு பக்கத்துலதானே இருந்துச்சு? ஒரு அடி போட்டிருந்தா யாரு வந்து தடுத்திருப்பா?"

"யாரும் தடுத்திருக்க முடியாது. பாட்டு கெட்டுப்போயிருக்கும்."

"நான் உங்களையேதான் பார்த்துட்டிருந்தேன்" என்றார் அப்பா. "அது மேல ஏறுறப்ப ரெண்டு கையாலயும் முழங்காலை அப்படி அழுத்திப் பிடிச்சீங்க. அது இறங்கினப்புறம்தான் மூச்சு விட்டீங்க. நானும் அப்பத்தான் விட்டேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த அடியோட வாசிக்கிற நாள் வருமா?"

"வேற நடத்துநர் வந்தா வரும் மாமா."

"அப்ப எனக்கு முதல்ல சொல்லுங்க" என்றார் அப்பா. "பட்டறையைப் பூட்டிட்டு வர்றேன்."