கிள்ளானில் இருந்துகொண்டு அமெரிக்கா என்று நினைத்த பெட்டி

காலையிலிருந்து போனில் அக்கா வீட்டுப் படம் வரவில்லை. அழைத்தாலும் எடுக்கவில்லை.

போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர், கிள்ளானில் தனியாக இருக்கிறார். அதனால்தான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் கேமரா மாட்டி ஹாலில் வைத்திருந்தேன்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ராக்கெட்டாகப் பறந்தேன். ஜாம்தான் ராக்கெட்டை மதிக்கவில்லை.

கதவைத் திறந்த அக்கா, "என்னடா, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு லா!" என்றார். போன் சத்தமில்லாமல் சார்ஜரில் கிடந்தது.

ஸ்கிரீனை மாட்டிப் பார்த்தேன். ஊரார் வைஃபை எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, எங்களுடையது மட்டும் தெரியவில்லை. நாற்பதாயிரம் தடவை அணைத்துப் போட்டேன். ஒரு சாம்ராஜ்யமே சரிந்திருக்கும், அது அசையவில்லை.

பிறகுதான் உறைத்தது. வைஃபை அலைவரிசைகளில் கூட்டமில்லாத சேனல் என்று காலையில் போன் வழியாகவே அக்கா வீட்டு ரூட்டரைப் பதின்மூன்றாம் சேனலுக்கு மாற்றிய மேதை நான். கம்ப்யூட்டரில் நாடு எது என்று கேட்டபோது அமெரிக்கா என்று அமுக்கியவனும் நானே. அங்கே அந்தச் சேனலைப் பயன்படுத்துவதில்லை, அதனால் பெட்டியும் அதைத் தேடவே இல்லை.

"உடம்பு கிள்ளான்ல, மனசு அமெரிக்காவுலயா? என் மருமவன் மாதிரியே இருக்கு," என்றார் அக்கா.

மலேசியா என்று மாற்றியதும் படம் வந்தது.

வெற்றி வீரனாக வீடு திரும்பிப் போனைத் திறந்தால், அக்கா ஸ்டூலில் ஏறி நின்று ஃபேன் துடைக்கிறார்!

அழைத்துக் கத்தினேன். "இறங்குக்கா!"

"அதான் நீ பாத்துக்கிட்டே இருக்கியே, அப்புறம் என்னடா பயம்?"

இறக்கிவிட வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். ஃபேனில் இன்னும் இரண்டு இறக்கை பாக்கி.