பன்னிரண்டாம் எண் தயிர்

வெலிச்காவுக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவள் ஆறு வாரம் நோட்டில் பொய் எழுதினாள் என்றால், குற்றம் அவளுடையதல்ல, செம்மறியாட்டுத் தயிருடையது என்றுதான் இன்றும் சொல்வேன்.

ப்ளோவ்டிவ் நகரத்துப் பால் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் சோதனைக் குழாய் கழுவி, பால் காய்ச்சி, உறை ஊற்றுகிறவர்கள். எழுபத்து மூன்றாம் வருடக் கோடையில் டாக்டர் மிதோவ் ஒரு சோதனை தொடங்கினார். அவர் வளர்த்த ஒரு தயிர்க் கிருமியைப் பன்னிரண்டு பேர் மூன்று வாரம் தினமும் ஒரு கோப்பை விழுங்க வேண்டும், அடுத்த மூன்று வாரம் கோப்பை கிடையாது. அது வயிற்று அமிலத்தையும் பித்தத்தையும் தாண்டிக் குடலில் குடியேறுகிறதா என்று, அவர்கள் காலையில் கொடுக்கும் டப்பாவில் தேட வேண்டும். டப்பாவில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: அந்த ஆறு வாரமும் வேறு தயிர் தொடக்கூடாது.

எங்கள் ஊரில் இப்படி நிபந்தனை போட, ஒருவர் ரொம்பப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். மதியம் நாங்கள் வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட குளிர்ந்த தயிர்ச் சூப்பைக் குடிப்போம். பன்னிரண்டாம் எண்காரியான வெலிச்கா எதிரில் உட்கார்ந்து வெறும் ரொட்டியை மெல்லுவாள்.

"சத்தம் போடாம குடிங்கடி. கேட்டாலே வயிறு எரியுது."

அவள் கணவன் காமென் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன். சனிக்கிழமைதோறும் மண்சட்டியில் ஆட்டுத் தயிர் கொண்டுவருவான். கத்தியால் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு கெட்டி. என்ன சாப்பிட்டோம் என்று தினமும் குறிக்க வேண்டிய நோட்டில் அவள் எழுதியது: 'வேறு தயிர், இல்லை.'

கோப்பையை நிறுத்தி மூன்று வாரம் கழித்தும் வெலிச்காவின் டப்பாவில் மட்டும் கிருமி இருந்தது. மற்ற பதினோரு பேரிடம் தடமே இல்லை. அவளிடம் கிடைத்த கிருமியும் விழுங்கியபோது இருந்த மாதிரி இல்லை, பித்தத்தில் போட்டாலும் சாகவில்லை. டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை. குடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, மாறி, அங்கே வாழப் பழகிவிட்டது என்றார். மறுநாள் தலைநகர் சோஃபியாவில் பெரிய கூட்டத்தில் அதைச் சொல்லப்போகிறார்.

அன்று மதியம் வெலிச்கா ரொட்டியைக்கூடத் தொடவில்லை. என்னிடம் உடைத்துவிட்டாள்.

"அது காமென் சட்டியில இருந்து வந்ததா இருந்தா? டாக்டர் அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுவார்டி."

"வாயைத் திறந்தா உன் வேலை போயிடும். ரெண்டு பொண்ணு வச்சிருக்க. பேசாம இரு."

சொன்னது நான்தான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவள் நேராக டாக்டர் அறைக்குள் போனாள்.

"தோழர் டாக்டர், நான் தயிர் சாப்பிட்டேன். ஆறு வாரமும்."

"எவ்வளவு?"

"சனிக்கிழமை கொஞ்சம்." காது சிவந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மிச்சம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அந்தச் சட்டியக் கொண்டா. கழுவித் தொலைக்காம கொண்டா."

சோஃபியா பயணம் ரத்தானது. டாக்டரின் கிருமிக்கு ஒரு அடையாளம் உண்டு. வீட்டுத் தயிர்க் கிருமிகள் சீண்டாத ஒரு சர்க்கரையை அது தின்னும், தின்றால் குழாயிலுள்ள ஊதாத் திரவம் மஞ்சளாகும். வெலிச்காவின் டப்பாவில் கிடைத்த கிருமியும் மஞ்சளாக்கியிருந்தது. சட்டித் தயிரும் மஞ்சளாக்கினால் எல்லாம் போச்சு. இரண்டு நாள் அவள் அந்தக் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் காலையிலும் அது ஊதாவாகவே இருந்தது.

"சட்டியில வந்ததில்ல," என்றார் டாக்டர். "நாம குடுத்ததுதான். உள்ள போய் மாறியிருக்கு."

வெலிச்கா ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வேலை போகவில்லை, திட்டு மட்டும் வயிறு நிறையக் கிடைத்தது. ஆனாலும் விதி விதிதான், அதை மீறியவளைக் கணக்கில் சேர்க்க முடியாது. பட்டியலில் பன்னிரண்டாம் வரியை டாக்டரே தன் கையால் கோடு போட்டு அடித்தார். அச்சில் வந்த கட்டுரையில் பதினோரு பேர்தான், யார் குடலிலும் எதுவும் தங்கவில்லை. அவர் கொண்டாடியிருக்க வேண்டிய அந்தக் கிருமி உலர்த்தப்பட்டு, '12' என்ற சீட்டோடு கண்ணாடிக் குப்பிகளுக்குள் போனது.

அதற்கு முன் அதைப் பாலில் உறை ஊற்றிப் பார்த்தோம். டாக்டரின் பழைய கிருமியை ஊற்றினால் பால் மதியத்துக்குள் உறைந்துவிடும்.

"எட்டு மணிக்கு ஊத்தினேன், மூணு மணிக்கும் தண்ணியா நிக்குதே!" என்றாள் வெலிச்கா.

"பால மறந்துபோச்சு அதுக்கு. உன் வயித்தக் கத்துக்கிட்டு வந்திருக்கு," என்றார் டாக்டர். சாயங்காலம்தான் உறைந்தது.

பல வருடம் கழித்து ஆய்வுக்கூடத்தை மூடியபோது அதில் ஒரு குப்பியை நான் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்பாரில்லை. வெலிச்கா போன மார்ச்சில் இறந்துபோனாள். நேற்றுத்தான் அந்தக் குப்பியை உடைத்தேன்.

காலை எட்டு மணிக்கு உறை ஊற்றிக் கம்பளியால் சுற்றிவைத்தேன். மதியம் திறந்து பார்த்தேன், தண்ணீர். மூன்று மணிக்கும் தண்ணீர். செத்துப்போயிருக்கும் என்று நினைத்தும் கொட்ட மனம் வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குச் சட்டியைச் சாய்த்தால், பால் அசையவில்லை.

அவளுக்குள் வாழ்ந்த ஒன்று என் அடுப்படியில் உயிரோடிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைய பாலுக்கு ஒரு கரண்டி எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை நின்றபடியே தின்றேன்.